ஏசாத அம்மா

அம்மா ஏசி இரண்டு நாளாகிவிட்டது என்று நான் சொன்னபோது என் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு நல்லகாலம் பிறந்திட்டு புஸ்பம், சும்மா இரி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மண்டூரில் சீதேவிப்பிள்ளை என்றால் தெரியாத ஆள் இல்லை. அம்மாவின் வாய்க்குப் பயந்து, பழைய மீனைப் புதுமீன் என்று விற்கிறவன் எங்கள் ஒழுங்கைக்குள் வராமல் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போவான். கறியில் உப்புக் கூடினால் எனக்கு ஏச்சு, குறைந்தால் அதைவிடப் பெரிய ஏச்சு, அளவாக இருந்தால் "இண்டைக்கு மட்டும் என்னகா புதினம்?" என்று இன்னொரு ஏச்சு. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கேட்டுத்தான் நான் காலையில் எழும்புகிறேன். எனக்கும் வாய் இருக்கிறது, நானும் திருப்பிக் கொடுப்பேன். வெளியில் நின்று கேட்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில் கதைக்கிற முறையே அதுதான்.

போன வருஷம் அம்மாவுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் சுருங்கி இறுகிப்போய்விட்டது, அதனால்தான் வயிற்றுக்குள் தண்ணீர் சேர்கிறது என்றார்கள். அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். ஈரலில் கொழுப்புப் படிந்து படிந்து இந்த நிலைக்கு வந்திருக்கிறது. சாராயம் அவர் வாயில் பட்டதேயில்லை. ஆனால் ஈரல் பழுது என்றதும் ஊர் வேறு விதமாகக் கதைத்தது. பின்வீட்டுக்காரி ஒருத்தி, "கிழவி ஒளிச்சு வச்சுக் குடிச்சிரிப்பா" என்று சொன்னது அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. அம்மா வீங்கின வயிற்றோடு நடந்துபோய் அவளுடைய கேற்றடியில் நின்றார். "ஓமடி, குடிச்சன்! உன்ட புருஷனோட இருந்துதான் குடிச்சன். எந்தக் கள்ளுக்கொட்டில் எண்டு அவனக் கேள்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்றோடு அந்தக் கதை நின்றது.

அப்படிப்பட்ட அம்மா, கண் வெளுத்துப்போன மணலை மீனைக் கையில் வாங்கி, "நல்ல மீன், தம்பி" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மீன்காரனே திகைத்துப்போனான். மிச்சக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சைக்கிளை உருட்டினான்.

அன்று மத்தியானம் நான் வேண்டுமென்றே கறியில் இன்னொரு பிடி உப்பைப் போட்டேன். வாயில் வைக்க முடியாது. அம்மா ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, "நல்லாரிக்கு மகள்" என்றார்.

என்னை அவர் மகள் என்று கூப்பிட்டு எவ்வளவோ காலம். எருமை, மூதேவி, வாய்காரி, இவைதான் என் பெயர்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. "வயிறு நோகுதா?" என்றேன். "இல்ல மகள்." "நித்திரை வருதா?" "ஓம் மகள்." பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவெல்லாம் விழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாய் தகப்பன் மகளோடுதான் இருப்பார்கள். அப்படித்தான் என் அண்ணன் யோகராசா கரடியனாற்றுக்குப் போனார். அங்கே மனைவியின் வட்டையில் வயல் செய்கிறார். நல்ல மனிதர், உழைப்பாளி. அம்மாவைப் பார்க்க வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். ஆனால் வந்து கதிரையில் இருந்ததும், இந்த வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லுவார். அம்மா எப்போது கிளினிக் போவது, எந்த நாட்டுப் பரியாரியிடம் எண்ணெய் வாங்குவது, எல்லாம். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அவர் போன பிறகு எனக்குச் சரியென்று பட்டதைச் செய்வேன். இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது.

அம்மாவின் மாற்றத்தைத் தொலைபேசியில் சொன்னதும் அண்ணனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அம்மாவுக்குச் சுகம் வேண்டி அவர் எங்கள் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். மண்டூர்க் கோயிலில் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், அது எங்கள் வழமை. "பாத்தியா புஸ்பம்? முருகன் அம்மாட வாயையும் கட்டிட்டார். இனி மனிசி நிம்மதியா இரிக்கும்" என்றார் அண்ணன்.

"அவவுக்கு நிம்மதி எதுக்கு? அவவுக்குச் சுகமில்ல" என்றேன்.

"பேய்க்கதை கதைக்காத. நான் ஞாயிறு வந்து பாக்கிறன்."

ஞாயிறு வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் காலை அம்மாவுக்குச் சேலையை மாற்றிக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வாவியைக் கடக்க எங்களுக்குப் பாதைதான், ஆளையும் ஆட்டோவையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. ஆட்கள் சேரும்வரை அதை எடுக்காமல் நிறுத்தி வைப்பது அதை ஓட்டுகிறவரின் பழக்கம். அப்படி நிறுத்தினால் அம்மா அவருடைய ஏழு தலைமுறையையும் வாவிக்குள் இறக்கிவிடுவார். அன்றைக்கு வெயில் ஏறும்வரை நிறுத்தி வைத்தார். அம்மா பலகையில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த மனிதரே பொறுக்க மாட்டாமல் என்னிடம் வந்தார். "என்னகா, கிழவிக்கு என்ன நடந்த? ஒரு ஏச்சும் இல்ல?"

"அதுக்குத்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறன். எடுங்க பாதைய!" என்று நான் கத்தினேன். உடனே எடுத்தார்.

ஆசுபத்திரி வாட்டில் அம்மாவைப் பார்த்தவர் டொக்டர் றுக்ஷானா. காத்தான்குடிப் பிள்ளை, மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைப்பார். என்ன வருத்தம் என்று கேட்டார். காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. "அம்மா ஏசுறா இல்ல, டொக்டர்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. நான் மீனிலிருந்து உப்பு வரை எல்லாம் சொன்னேன். டொக்டர் அம்மாவின் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கிப் பிடிக்கச் சொன்னார். அம்மாவின் கைகள் காற்றில் படபடவென்று அடித்து அடித்து விழுந்தன.

"அம்மா, இது என்ன மாசம்?"

"ஓம் மகள்."

"உங்கட பேர் என்ன?"

"ஓம் மகள்" என்று அம்மா அழகாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "ஈரல் வடிக்காத கழிவு ரத்தத்தில சேர்ந்து அம்மாட மூளையக் குழப்புது. ஆனா அது சும்மா திடீரெண்டு கூடாது. ஏதோ ஒண்டு தள்ளி விட்டிரிக்கு. இப்பிடியான ஆக்களுக்கு வயித்துத் தண்ணிக்குள்ள கிருமி பூந்திரிக்கலாம். காய்ச்சலும் வராது, நோவும் வராது, ஆள் மாறினது மட்டும்தான் தெரியும். கொஞ்சத் தண்ணிய ஊசியால எடுத்து லாப்புக்கு அனுப்பணும். இண்டைக்கே தெரிஞ்சிடும்."

"எடுங்க" என்றேன்.

"பிந்தினா ஆபத்து. அம்மா சுயநினைவா இல்ல, அதால வீட்டுப் பொறுப்பான ஆள் ஒராள் கையெழுத்து வைக்கணும்."

நான் பேனாவை வாங்கக் கையை நீட்டியபோது வாட்டு வாசலில் அண்ணனின் குரல் கேட்டது. என் புருஷன்தான் அவருக்கு அறிவித்திருக்கிறார். வயலில் நின்றபடியே மோட்டார்ச் சைக்கிளில் ஏறி வந்திருக்கிறார், முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து கிடந்தது. நேரே அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்தார். "அம்மா, சுகமா இரிக்கீங்களா?"

"ஓம் மகன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "சுகமா இரிக்கன் எண்டு அவவே சொல்றா. நீ எதுக்கு இஞ்ச கொண்டு வந்து படுத்தி வச்சிரிக்காய்?"

டொக்டர் அவருக்கும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஊசி, தண்ணீர் என்ற சொல் வந்ததும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. "தண்ணி எடுக்க விடமாட்டன்" என்றார். "எங்கட மாமாக்கும் இப்பிடித்தான் வயித்தில தண்ணி. எடுத்தாங்க. மறுநாள் பிரேதத்தத்தான் தந்தாங்க. தண்ணி எடுத்தா ஆள் முடிஞ்சுது. எங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

அது பொய்யில்லை. அவருடைய மாமனார் அப்படித்தான் போனார். ஆனால் அந்த மனிதரை எப்போது ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பது எனக்கும் தெரியும். எண்ணெய், கசாயம், நூல், தாயத்து எல்லாம் முடிந்து, கூப்பிட்டாலும் கண் திறக்காத நிலையில் கொண்டுபோனார்கள்.

"தண்ணி எடுத்ததால மாமா சாகல்ல, அண்ணன்" என்றேன். "சாகக் கிடந்த நேரத்திலதான் நீங்க தண்ணி எடுக்க விட்டீங்க."

"வாயப் பொத்து!"

"பொத்தமாட்டன். அம்மாட வாய் பொத்திப்போய்க் கிடக்கு, என்டயும் பொத்தினா ஆர் கதைக்கிற?"

வாட்டில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மிஸி சத்தம் போடவேண்டாம் என்று சைகை காட்டினார். அண்ணன் குரலைக் குறைத்துக்கொண்டு டொக்டரிடம் திரும்பினார். "காய்ச்சல் இல்ல, நோவும் இல்ல. இவ்வளவு சாந்தமா இரிக்கிற மனிசிக்கு வயித்தில ஊசி குத்தவா? அம்மாவையே கேப்பம்." அம்மாவின் பக்கம் குனிந்தார். "அம்மா, வீட்ட போவமா?"

"ஓம் மகன்."

"கேட்டீங்களா டொக்டர்? அவவே சொல்லிட்டா. அவவிட வாயாலயே."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போனது. அம்மாவின் வாயென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வாயில் யாரோ கள்ளத்தனமாகப் புகுந்து இருந்துகொண்டு ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்க, அதை அம்மா சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. நானும் கட்டிலில் குனிந்தேன்.

"அம்மா, இஞ்ச பாருங்க. உங்களுக்கு யோகராசா எண்டு ஒரு மகனே இல்லத்தானே?"

"ஓம் மகள்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் அம்மாவின் கையை விட்டுவிட்டார். தலைப்பிள்ளை அவர். அப்பா இறந்தபோது அம்மாவின் பக்கத்தில் விடியும்வரை இருந்தவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. "அவவிட வாயாலயே சொல்லிட்டா. இதையும் நம்புங்க" என்றேன்.

அவர் கட்டிலை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "சரி. அவவுக்குப் புத்தி பிசகிட்டு, ஒத்துக்கிறன். ஆனா தண்ணி எடுக்க நான் கையெழுத்து வைக்கமாட்டன். நீ வச்சு, அம்மாக்கு ஏதும் நடந்தா, நான் கொள்ளி வைக்க வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு அண்ணன் தங்கச்சியைப் பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரி "ஐயோ" என்று வாயில் கையை வைத்தாள்.

"வராதீங்க" என்றேன். "நானே வைப்பன்."

"பொம்பிளை கொள்ளி வைக்கிறதா?"

"பொம்பிளைதானே பாக்கிற. பொம்பிளைதானே கழுவுற, குளிக்க வாக்கிற, சோறு தீத்துற. கடைசியில நெருப்பு மட்டும் என்ட கையச் சுட்டுப்போடுமா? அண்ணன், நீங்க கரடியனாத்துக்குப் போன நாளில இருந்து அம்மா என்ட வீட்டில. இந்த ஊர் வழக்கம் நான் வச்சதில்ல. வீடும் பொம்பிளைக்கு, தாயும் பொம்பிளைக்கு எண்டு வச்சவங்க, கையெழுத்தையும் பொம்பிளைக்குத்தான் வச்சாங்க. நீங்க விருந்தாளி. வாங்க, இரிங்க, அழுங்க. ஆனா மறிக்காதீங்க."

சொல்லிவிட்டு டொக்டரின் கையிலிருந்த தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் போட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பயந்துகொண்டுதான் போட்டேன்.

திரையை இழுத்து மறைத்தார்கள். டொக்டர் என்னை உள்ளே நிற்க விட்டார். அம்மாவின் வயிற்றின் இடது பக்கம், கீழே, ஒரு இடத்தை மருந்து போட்டுத் துடைத்தார், மரத்துப்போக ஒரு ஊசி போட்டார், பிறகு மற்ற ஊசியை இறக்கினார். வாவியில் ஒரு இறாலைத் தொட்டால்கூட அதன் முள் குத்திவிட்டதென்று ஊரைக் கூட்டுகிற அம்மா, முனகக்கூட இல்லை. இளமஞ்சளாய்த் தெளிந்த தண்ணீர் சிறிஞ்சுக்குள் ஏறியது. கொஞ்சத்தைச் சின்னக் குப்பிக்குள் விட்டார். கிருமி வளருமா என்று பார்க்கிற போத்தல் இரண்டைக் கட்டிலடியிலேயே வைத்திருந்தார், மிச்சத்தை அதற்குள் அங்கேயே செலுத்தினார். "பிறகு ஊத்தலாம் எண்டு வச்சா கிருமி இரிந்தாலும் பிடிபடாமப் போயிரும்" என்றார். போத்தலின் முடிவு வர நாளாகும், குப்பிக்குள் வெள்ளை அணு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் போதும், அது இன்றைக்கே வரும் என்றும் சொன்னார்.

திரைக்கு வெளியே வந்த அந்தக் குப்பியை அண்ணன் எட்டிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி. இதுக்குள்ள எங்க கிருமி?" என்றார். எனக்கும் அது தெளிந்த தண்ணீராகத்தான் தெரிந்தது.

"கண்ணுக்குத் தெரிஞ்சா எங்களுக்கு லாப் எதுக்கு?" என்றார் டொக்டர், போகிற போக்கில்.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தைப் போல ஒரு நேரத்தை நான் எதிரிக்கும் நினைக்கமாட்டேன். அண்ணன் நடைபாதை வாங்குப் பலகையில் ஒரு ஓரத்தில், நான் மற்ற ஓரத்தில். பாசிக்குடாவில் ஹோட்டலில் வேலை செய்கிற தம்பி ரதீஸ் போன் எடுத்து, "அண்ணன் சொல்றபடி செய்யுங்க அக்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அம்மாவுக்குச் சும்மா வயதுதான், சும்மா களைப்புதான் என்றால்? ஊசி குத்தின இடத்தால் ரத்தம் போய் அம்மா செத்தால்? ஊர் என்னை விடாது. ஊர் கிடக்கட்டும், நான் என்னையே விடமாட்டேன். ஆனாலும் திரும்ப அந்தத் தாளைத் தந்தால் திரும்பவும் கையெழுத்துப் போடுவேன் என்று தெரிந்தது. பயந்துகொண்டே போடுவேன்.

டொக்டர் கெதியாக நடந்து வந்தார். அவருடைய நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இருக்கக்கூடாத அளவுக்கு வெள்ளை அணு இரிக்கு. கிருமிதான். மருந்து இப்பவே தொடங்குறம்" என்றார். "இன்னும் ரெண்டு நாள் வீட்ட வச்சிருந்தா, எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கும்."

சந்தோஷப்படுகிற செய்தியா அது? அம்மாவின் வயிற்றுக்குள் கிருமி என்று ஒருத்தர் வந்து சொல்ல, "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்த மகள் நானாகத்தான் இருப்பேன். அண்ணன் வாங்கிலிருந்து எழும்பி, மறுபடி இருந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து "சொன்னன்தானே" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"மாமாக்கும் இப்பிடி இரிந்திரிக்குமா?" என்று கேட்டார் அண்ணன், நிலத்தைப் பார்த்தபடி.

"தெரியா அண்ணன். ஒருத்தரும் பாக்கல்லயே."

அவர் அழுதார். நானும் அழுதேன்.

நரம்பு வழியாக மருந்து ஏறியது. இன்னொரு போத்தலில் ஏதோ புரதச்சத்து என்றார்கள், அதுவும் ஏறியது. வயிற்றுக்குள் தேங்கிய கழிவு போவதற்குப் பாகு மாதிரி ஒரு மருந்து கொடுத்தார்கள். அதனால் நான் உடுப்பு மாற்றி உடுப்பு மாற்றிக் களைத்துப்போனேன். அண்ணன் ஊருக்குப் போகவில்லை. வாங்கிலேயே படுத்து எழும்பினார். சேற்றுக் காற்சட்டையை மாற்றுவதற்கு என் புருஷன் கொண்டுவந்த சாரம் ஒன்றைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் முழுக்க அம்மா தூங்கினார். அதற்கு மறுநாள் காலை நான் முகம் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது அம்மா கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி என்ட கையில கட்டி வச்சிரிக்காய்?"

நான் துணியை நழுவ விட்டுவிட்டேன்.

"ஏன்டி வாயப் பிளந்துகிட்டு நிக்காய், எருமை? தண்ணி கொண்டா. இந்த வாட்டில மனிசருக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்களா? ஆரடி இந்தச் சட்டையப் போட்டு விட்ட, பேய் மாதிரி?"

பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் மிஸியைக் கூப்பிட்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதேன். அம்மா அதற்கும் ஏசினார். தண்ணீர் குடித்து முடித்ததும் கை வயிற்றுக்குப் போனது. பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதில குத்தினவள் ஆரு?"

"டொக்டர்."

"குத்த விட்டவள் ஆரு?"

"நான்தான்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டம். ஓம் எண்டு சொன்னீங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஓம் எண்டு சொன்னா, எனக்குச் சுகமில்ல எண்டு உனக்கு விளங்க வேணாமா?"

"விளங்கினபடியாத்தான் குத்த விட்டன்!" என்று நானும் கத்தினேன்.

அம்மா பஞ்சை இன்னொரு தரம் தடவினார். "விட்டது சரி" என்றார். "ஆனா என்ட வயித்தில என்னைக் கேளாமக் குத்தினதும் பிழைதான். ரெண்டும்தான்." அதற்கு மேல் அந்தக் கதையில் அவர் ஒரு அங்குலமும் இறங்கி வரவில்லை.

அன்று பின்னேரம் டொக்டர் றுக்ஷானா ஊசித் தட்டோடு வந்தார். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு தரம் கொஞ்சத் தண்ணீர் எடுத்து எண்ண வேண்டுமாம். அண்ணன் வாங்கிலிருந்து ஓடி வந்து முன்னுக்கு நின்றார். "எடுங்க டொக்டர். இந்தமுறை நான் கையெழுத்து வைக்கிறன்."

"நீ ஆரடா என்ட வயித்துக்குக் கையெழுத்து வைக்க?" என்றார் அம்மா. "வேளாண்மைய அப்பிடியே போட்டுட்டு இஞ்ச வந்து வாங்கில படுத்துக் கிடக்காய்? ஆரு தண்ணி கட்டுற? உன்ட பொண்டாட்டியா? பன்றி வந்து திண்டா மறுகா என்னட்டத்தானே வந்து அழுவாய், யோகராசா!"

அண்ணன் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இவ்வளவு சந்தோஷமாக ஏச்சு வாங்கின ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

"நீயும் போ" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேரும் அங்கால போய் நில்லுங்க. இவவோட நான் கதைக்கணும்."

நாங்கள் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். போகச் சொன்னதில் எனக்குக் கோபம். இவ்வளவும் செய்தவள் நான், என்னை வெளியே நிறுத்துகிறாரே என்று. ஆனால் அம்மாவின் குரல் திரையைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு தண்ணீர் எடுப்பாய், எந்த ஊசி, எவ்வளவு நீளம், எடுத்த தண்ணீரை எங்கே கொண்டுபோகிறாய், எண்ணுகிற ஆள் ஒழுங்காக எண்ணுவானா, இந்த வருத்தம் திரும்ப வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வரலாம் என்றார். ஈரல் இனிப் பழையபடி ஆகாது, கவனமாக இருக்க வேண்டும், வராமல் இருக்க மாத்திரை தருவோம் என்றார். எதையும் மறைக்கவில்லை. எனக்குத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது.

"எனக்கு இன்னும் எவ்வளவு காலம் எண்டு கேக்கல்ல" என்றார் அம்மா. "அதக் கேட்டு நீ சொல்லவும் வேணாம். கிடக்கிற காலத்தில என்னை நான்தான் பாத்துக்குவன். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு அம்மா."

"இனி என்னைக் கேள்."

"சீதேவிப்பிள்ளை அம்மா, உங்கட வயித்தில இருந்து கொஞ்சத் தண்ணி எடுக்கட்டா?"

"எடு."

"தேங்ஸ் அம்மா."

"தேங்ஸ் எல்லாம் இரிக்கட்டும். நீ இப்ப மூக்குக் கண்ணாடியத் தொட்ட, நான் பாத்த. முதல் போய்க் கையக் கழுவிப்போட்டு வா!"

திரை விலகியது. டொக்டர் றுக்ஷானா சிரிக்காமல் எங்களைக் கடந்து குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார்.